பிப்ரவரி முப்பத்தொன்று

சென்னியப்பன் எழுதிய பத்தொன்பது கடிதங்களுக்கும் பதில் வந்திருந்தது. பத்தொன்பதுக்கும் ஒரே பதில்: ‘பெறப்பட்டது.’

அவர் இறந்து பதினான்கு மாதம் கழித்து, அவர் உட்கார்ந்திருந்த அறைக்கு இரண்டு அறை தள்ளி உட்கார்ந்து வசந்தாமணி அதை வாசித்தாள்.

மலுமிச்சம்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கம்பெனி, கொதிகலன்களுக்கு சேஃப்டி வால்வு செய்தது. உள்ளே ஆவியின் அழுத்தம் எல்லை மீறினால் தானாகத் திறந்து சீறும் வால்வு. அது திறக்காவிட்டால் கொதிகலனே திறந்துகொள்ளும். சென்னியப்பன் அங்கே தரச் சோதனையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். அவர் மனைவி என்பதால் வசந்தாமணிக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வேலை என்று சொல்வது பெரிய வார்த்தை. ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து, பச்சை விளக்கு பச்சையாகவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்போதெல்லாம் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியோடு பேசுவதில்லை. இந்தக் கம்பெனியின் கணினி அந்தக் கம்பெனியின் கணினியோடு பேசும். எத்தனை வேண்டும், எப்போது வேண்டும், லாரி கிளம்பியதா, சரக்கு இறங்கியதா எல்லாம் அதுகளுக்குள்ளேயே முடிந்துவிடும். வால்வு கம்பெனியில் இருந்தவர்கள் தங்கள் கணினிக்குத் தூதன் என்று பெயர் வைத்திருந்தார்கள். நம்ம தூதன், அவங்க தூதன். ஒரு நாளில் இரண்டாயிரம் தாள்கள் போய் வந்தன. ஒன்றையும் யாரும் வாசிப்பதில்லை. பச்சை விளக்கைப் பார்க்க ஒரு மனித ஜீவன் இருக்க வேண்டும் என்று எங்கோ ஒரு விதி இருந்தது. அந்த ஜீவன்தான் வசந்தாமணி.

சும்மா உட்கார முடியாமல் அவள் பழைய தாள்களைத் திறந்து பார்க்கத் தொடங்கினாள். மூன்றாம் நாள் கணவரின் பெயர் கண்ணில் பட்டது. எல்லாமே, வால்வுகளை வாங்கிப் பொருத்தும் கொதிகலன் கம்பெனிக்குப் போன அறிவிப்புகள். படிவத்தின் அடியில் ‘குறிப்பு’ என்ற இடத்தில் ஒவ்வொன்றிலும் அவர் எழுதியிருந்தார்.

‘கே417 வரிசை வால்வுகளில் உள்ளே தண்டு ஏறி இறங்கும் புஷ் குழல் தவறான உலோகத்தில் வந்துவிட்டது. குளிர்ந்த நிலையில் சோதித்தால் தேறிவிடும். பத்து நாள் சூட்டில் நின்றால் தண்டைக் கவ்விக்கொள்ளும். திறக்காது. தயவுசெய்து பொருத்த வேண்டாம்.’

பதில்: பெறப்பட்டது.

வாரம் இரண்டு நாள் தூதனைப் பராமரிக்க போத்தனூரிலிருந்து பானு வருவாள். முப்பது வயது, வாய் ஓயாது. வசந்தாமணி அவளிடம் கேட்டாள்.

“பானு, பெறப்பட்டதுன்னா படிச்சுட்டாங்கன்னுதான அர்த்தம்?”

“அய்யோ, இல்லீங்க்கா. தாள் வந்துச்சு, கட்டமெல்லாம் ரொம்பி இருக்குது, அவ்ளோதான். நீங்க அதுல கெட்ட வார்த்த எழுதி அனுப்புனாலும் பெறப்பட்டதுன்னுதான் சொல்லும்.”

“அப்ப அந்தக் குறிப்பு?”

“அதுக்குக் கண்ணே கிடையாதுங்க்கா. நம்பர்தான் அதுக்குத் தெரியும். குறிப்புங்கறது சும்மா ஒட்டிட்டுப் போற வாலு.”

ஒரு கேள்வி வசந்தாமணியை விடவில்லை. இவ்வளவு பெரிய உலகத்தில் அந்தப் பத்தொன்பதில் ஒன்றையாவது ஒரு மனிதக் கண் பார்த்ததா? பார்த்தது என்று தெரிந்தால் போதும் என்று முதலில் நினைத்தாள். அவர் சுவரோடு பேசிவிட்டுப் போகவில்லை என்றாவது இருக்கும்.

அவர் போன கதை ஊருக்கே தெரியும். ஏழு வாரம் கடிதம் எழுதிவிட்டு, ஒரு வியாழக்கிழமை காலை டிபன் பாக்ஸைக்கூட எடுக்காமல், “ஆளப் பாத்தே சொல்லிட்டு வந்தர்றேன்” என்று கிளம்பினார். அந்த வரிசையில் ஒரே ஒரு வால்வு பொருத்தப்பட்ட இடம் அவருக்குத் தெரியும், பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. அவர் கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்றபோது அது வெடித்தது. கையில் ஸ்பேனர் இருந்தது. சூடான வால்வில் கைவைத்ததால் நேர்ந்தது என்று விசாரணையில் எழுதினார்கள். கம்பெனியில் வேறொன்றும் சொன்னார்கள். கடைசி மாதங்களில் அவருக்குக் கவனம் தப்பிவிட்டதாம். அவர் அனுப்பிய தாள்களில் எல்லாம் பிழையாம்.

அது பொய்யில்லை. அவளே பார்த்தாள். முதல் ஐந்து கடிதங்கள் சுத்தமாக இருந்தன. ஆறாவதிலிருந்து மீதிப் பதினான்கிலும் தேதிக் கட்டத்தில் ஒரே பிழை: பிப்ரவரி 31.

வசந்தாமணி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் கழற்றிவிட்ட செருப்பைக்கூட ஜோடி சேர்த்து வைக்கிற மனிதர். அதைவிட, அந்தத் தேதி அவளுக்குப் பழக்கமானது. ஊட்டிக்கு எப்போது கூட்டிப்போவீர்கள் என்றால் பிப்ரவரி முப்பத்தொன்று என்பார். மோட்டாரை எப்போது பழுது பார்ப்பீர்கள் என்றாலும் அதே தேதிதான். இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டு முகத்தில் சிரிப்பே காட்டாத ஆள்.

தப்பாக எழுதவில்லை. தெரிந்துதான் எழுதியிருக்கிறார். எதற்கு?

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, வழக்கம்போல வந்து விழுந்த தாள்களுக்கு நடுவே ஒன்று அவள் கையை நிறுத்தியது. கொதிகலன் கம்பெனி வளையங்கள் கேட்டிருந்தது. முப்பத்தாறு வால்வுகளைப் பொருத்துவதற்கான வளையங்கள். எந்த வால்வுகளுக்கு என்ற கட்டத்தில் கே417 என்றிருந்தது. எங்கே என்ற கட்டத்தில் பதினோரு மருத்துவமனைகளின் எண்கள். கருவிகளை ஆவியில் வேகவைத்துச் சுத்தம் செய்யும் அறைகள். வேலை தொடங்கும் நாள் திங்கட்கிழமை.

சாயப்பட்டறைக்குப் போன ஒன்றைத் தவிர மீதி எல்லாம் கொதிகலன் கம்பெனியின் குடோனில் இவ்வளவு நாளும் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தூதன் அதற்குள் வளையங்களை ஒதுக்கி, லாரி சொல்லி, பச்சை விளக்கும் காட்டிவிட்டது.

அவள் மேனேஜர் ரங்கராஜிடம் போனாள். சென்னியப்பனின் பாடையைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.

“அம்மிணி, நீங்க சொல்றது புரியுது. ஆனா நாம சொல்லியாச்சு. அவுங்க வாங்கிக்கிட்டதா பதிலும் இருக்குது. பத்தொம்பது தடவ.”

“யாரும் படிக்கலீங்களே.”

“படிக்கறது அவுங்க பொறுப்புங்க. விசாரணை வேற முடிஞ்சு போச்சு. இப்பப் போயி நம்ம வால்வுதான் கெட்டதுன்னு நாமளே சொன்னா, அப்பறம் இந்த இருநூறு பேரு எங்க போறது?”

“ஒரு போன் பண்ணிப் பாருங்களேன்.”

“யாருக்குங்க பண்றது?” அவர் கேட்டது எரிச்சலில் அல்ல, அவருக்கே அது தெரியவில்லை. “நானே போன வருசம் நேர்ல போனேன். பெரிய கட்டடம், வாசல்ல ஒரு வாட்ச்மேன். உள்ள ஏசி மட்டும் ஓடுது. யாரப் பாக்கோணும்னு கேட்டான். யாரச் சொல்றது? எனக்கு ஒரு பேரும் தெரியல.”

அவளே அந்தக் கம்பெனியின் எண்ணுக்குக் கூப்பிட்டாள். இனிமையான குரல் ஒன்று முழுவதையும் கேட்டுக்கொண்டு, அவளுடைய செய்தி பெறப்பட்டது என்று சொல்லி, ஒரு நீள எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனை வைத்தது. கொதிகலன் ஆய்வாளர் அலுவலகத்துக்கும் கூப்பிட்டாள். அங்கேயும் ஒரு குரல். அங்கேயும் ஒரு எண்.

மதியம் பானு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது வசந்தாமணி சாப்பிடாமல் கேட்டாள்.

“தாள்ல தப்பு இருந்தா அவுங்க தூதன் என்ன பண்ணும்?”

“சின்னத் தப்புன்னா அதுவே சரி பண்ணிக்கும்.”

“அதுக்கு வெளங்காத தப்புன்னா? பிப்ரவரி முப்பத்தொண்ணுன்னு போட்டா?”

பானு சிரித்தாள். “அது மெரண்டுரும். ஜனவரியா மார்ச்சான்னு அதுக்குத் தெரியாதுல்ல. அப்ப மட்டும் மனுசங்ககிட்டத் தள்ளிவிடும்ங்க்கா. அதுக்குன்னு ஆள் இருக்காங்க. எங்கியோ வீட்ல உக்காந்துட்டுத் திருத்திக் குடுப்பாங்க. இப்பத்திக்கு இந்த வேலையில மிச்சமிருக்கற மனுசங்க அவுங்க மட்டுந்தான்.”

சொல்லி முடித்ததும் பானுவின் கை சோற்றிலேயே நின்றது. அவளும் அந்தப் பதினான்கு தாள்களைப் பார்த்தவள்தான்.

“அக்கா. அண்ணன் வேணும்னே…”

“ஆமா.”

பெறப்பட்டது என்று ஐந்து முறை வாங்கிக்கொண்டபின் அவர் கண்டுபிடித்திருக்கிறார். சரியாக எழுதினால் கணினியிடம் போகும். தப்பாக எழுதினால் மனிதரிடம் போகும். இருபத்திரண்டு வருடம் ஒரு பிழை விடாதவர், மனிதரைத் தேடிப் பிழை விட ஆரம்பித்திருக்கிறார். வசந்தாமணிக்கு அழுகை வரவில்லை. பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த கணமே வேறொன்று உறைத்தது. அப்படியென்றால் அந்தப் பதினான்கையும் யாரோ ஒருவர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, தேதியை மட்டும் திருத்தி, அப்படியே உள்ளே விட்டிருக்கிறார்.

“எவ்ளோ நேரத்துல திருத்தியிருக்காங்க?”

பானு தேடிச் சொன்னாள். “மூணு நிமிசம், ரெண்டு நிமிசம், மூணு… எல்லாமே உடனுக்குடனே. ஒரே ஆளுதான், அடையாள எண் ஒண்ணாத்தான் இருக்குது.”

“பேரு?”

“பேரெல்லாம் வராதுங்க்கா.”

எழுதத் தெரிந்த ஒருவர், வாசிக்கத் தெரிந்த ஒருவர், பதினான்கு தடவை ‘திறக்காது, பொருத்த வேண்டாம்’ என்பதைப் பார்த்துவிட்டுக் கடந்து போக முடியுமா? வசந்தாமணிக்குக் கோபத்தைவிட அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் பெரிதாக இருந்தது. கணவர் பயன்படுத்திய அதே அறிவிப்புப் படிவத்தைத் திறந்தாள். குறிப்பில் கே417 பற்றி எல்லாவற்றையும் எழுதினாள். முப்பத்தாறு, பதினோரு மருத்துவமனை, திங்கட்கிழமை. தேதிக் கட்டத்தில் பிப்ரவரி 31 என்று போட்டு அனுப்பினாள்.

இரண்டு நிமிடம். தேதி 28 ஆகியிருந்தது. பெறப்பட்டது.

“அதே ஆளுதானுங்க்கா,” என்றாள் பானு மெதுவாக. “கல்லு மனசா இருக்கும்போல.”

வசந்தாமணி நாற்காலியில் சாய்ந்தாள். இங்கே வருவதற்கு முன் அவள் ஒன்பது வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றவள். துணியில் எங்கே ஓட்டை, எங்கே தையல் விட்டது என்று பார்த்து, அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவள் அம்பைப் பார்த்துத் தைத்துத் தள்ளுவாள். ஒருநாள் பெட்டியில் ஏறப்போன ஒரு சட்டைக்கு ஒரு கையே இல்லை. கழுத்துக்குக் கீழே அம்பு இருந்த ஓட்டை மட்டும் அழகாக அடைபட்டிருந்தது. சூப்பர்வைசர் கத்தினார். தைத்தவள் திருதிருவென்று விழித்துவிட்டு, “நீங்க அம்பு ஒட்டுன எடத்தப் பாத்தனுங்க” என்றாள். அந்த வாரம் முழுக்க மேசைக்கு மேசை அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

“பானு, அவுங்களுக்கு முழுத் தாளும் தெரியுமா? இல்ல தப்பு இருக்கற கட்டம் மட்டும் தெரியுமா?”

“அது… தெரியலீங்க்கா. வேகமா முடிக்கோணும்னா கட்டம் மட்டும்தான் காட்டுவாங்க.”

“அப்ப கல்லு மனசு இல்ல. அம்பப் பாத்துருக்காங்க.”

பானுவுக்கு அது விளங்கவில்லை. விளக்க நேரமும் இல்லை. வசந்தாமணி மறுபடி படிவத்தைத் திறந்தாள். குறிப்பைத் தொடவே இல்லை. எண் மட்டுமே ஏற்கிற கட்டங்களை எண்ணினாள். தேதி, எண்ணிக்கை, நீளம், அகலம், எடை, பெட்டி எண் என்று பதினொன்று இருந்தன. கட்டத்துக்கு எட்டு, ஒன்பது எழுத்துதான் கொள்ளும். எடைக் கட்டம் மட்டும் கொஞ்சம் நீளம். செய்தி எல்லாம் அம்பு விழுகிற இடத்தில்தான் இருக்க வேண்டும். ஒரு துண்டுத்தாளில் எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். கணவரோடு இருபது வருடம் வாழ்ந்ததையும் அவர் போனதையும் எட்டெட்டு எழுத்தாக நறுக்க வேண்டியிருந்தது.

கடைசியில் இப்படி நிரப்பினாள். தேதியில்: வாசிங்க. எண்ணிக்கையில்: திருத்தாதீங்க. பிறகு வரிசையாக ஒவ்வொரு கட்டத்திலும்: கே417. சூட்டில். கவ்வும். திறக்காது. வெடிக்கும். 36ம். நிறுத்துங்க. கூப்பிடுங்க. மிச்சமிருந்த எடைக் கட்டத்தில் தன் கைபேசி எண்ணைப் போட்டாள். அத்தனை கோடிக் கிலோ எடையுள்ள வால்வை எந்தத் தூதனும் நம்பாது.

ஒருத்தர் செத்தாச்சு என்றும் எழுத ஆசைப்பட்டாள். அதற்குக் கட்டம் இல்லை.

அனுப்பிவிட்டு இருவரும் திரையையே பார்த்திருந்தார்கள். இரண்டு நிமிடம் போனது. மூன்று. ஐந்து. பச்சை விளக்கு மஞ்சளானது. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது நிறம் மாறிப் பார்த்ததில்லை. ஏழாவது நிமிடம் கைபேசி அடித்தது.

“அலோ,” என்றது ஒரு பெண் குரல். பின்னால் குக்கர் விசில். “எடைல உங்க நம்பர் போட்டிருந்துது. நான்… நான் கூப்பிடக்கூடாதாக்கும். தெரிஞ்சா அவ்வளவுதான். நீங்க யாரு?”

“என் பேரு வசந்தாமணிங்க. வால்வு கம்பெனி, கோயமுத்தூரு. நீங்க?”

“ஜெபராணி. நாகர்கோயில்.” குரல் இறங்கியது. “அக்கா, எனக்கு ஒரு நேரத்துல ஒரு கட்டம்தான் தெரியும். மத்ததெல்லாம் சாம்பல் அடிச்சிருக்கும். இண்ணைக்கு ஒண்ணுக்குப் பொறவு ஒண்ணா பதினொண்ணு வந்துது. மொதல்ல வாசிங்கன்னு வந்துது. எவனோ வெளையாடுகான்னு நெனச்சேன். அடுத்தது திருத்தாதீங்க. அதுக்குப் பொறவு கை ஓடல. ஒரு பேப்பர எடுத்து வரிசையா எழுதிப் பாத்தேன்.”

வசந்தாமணி சொன்னாள். கே417, புஷ், சூடு, பதினோரு மருத்துவமனை, திங்கட்கிழமை.

“என்னால நிறுத்திவைக்க முடியும்க்கா. அந்த நம்பர் வால்வத் தேடி ஒவ்வொண்ணா சந்தேகம்னு போடணும். போட்டா மேல உள்ள ஆளு வந்து பாத்தாத்தான் அது நகரும். ஒண்ணு ரெண்டுண்ணா அதுவே தட்டி விட்டிரும். முப்பத்தாறும் ஒரே நேரம் வந்தா கண்டிப்பா ஆளு வருவாங்க.”

“உங்களுக்குக் கஷ்டம் வருமாங்க?”

“வரும். வரட்டு.” பிறகு குரலில் ஏதோ இளகியது. “அக்கா, உங்க கம்பெனின்னா… அந்த பிப்ரவரி முப்பத்தொண்ணு சார் உங்க ஆபீசா?”

பக்கத்தில் குனிந்து கேட்டுக்கொண்டிருந்த பானு வசந்தாமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாவம் அந்த மனுசன். வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ அதே தப்பு. வயசானவரா இருக்கும், தேதி குழம்புது போலன்னு நெனச்சேன். மேல போச்சுன்னா அவரு வேலைக்கே உல வச்சிருவாங்க. அதனால அவரு தாளு வந்தா மத்ததையெல்லாம் போட்டுட்டு அத மொதல்ல எடுத்து, யாரு கண்ணுலயும் படாம நானே இருபத்தெட்டாக்கி விட்டிருவேன். பதினாலு தடவ செஞ்சிருக்கேன்க்கா. அவருக்குத் தெரியவே தெரியாது.”

குக்கர் மறுபடி விசில் அடித்தது.

“பொறவு வரதே நிண்ணுபோச்சு. வருசம் ஒண்ணாச்சு. பரவால்ல, திருந்திட்டாருன்னு சந்தோசப்பட்டேன். இண்ணைக்கு மத்தியானம் ஒண்ணு வந்துது பாத்துக்கிடுங்க. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. சார் திரும்ப ஆரம்பிச்சிட்டாரு போலன்னு.” அவள் கொஞ்சம் தயங்கினாள். “சார் சொகமா இருக்காரா?”

ஜன்னலுக்கு வெளியே சோதனைக் கூடத்தில் யாரோ ஒரு வால்வைக் குளிர்ந்த நிலையில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அது திறந்து, ஒழுங்காகச் சீறி, மூடியது. தேறிவிட்டது.

ஒரு மனிதக் கண் பார்த்ததா என்றுதான் அவள் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். பார்த்திருக்கிறது. இரக்கத்தோடு, மற்ற வேலையைத் தள்ளிவைத்து, பதினான்கு முறை பார்த்திருக்கிறது.

“நீங்க மொதல்ல அந்த முப்பத்தாறையும் நிறுத்துங்க கண்ணு,” என்றாள் வசந்தாமணி. “அப்பறஞ் சொல்றேன்.”

“செரிக்கா. போன வைக்காதீங்க.”

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றையும் முடித்து ஜெபராணி வாய்விட்டு எண்ணினாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. பன்னிரண்டில் ஒருமுறை நின்று குக்கரை அணைத்துவிட்டு வந்தாள். இருபதில் ரங்கராஜ் அறைக்கதவில் வந்து நின்றார். மஞ்சள் விளக்கைப் பார்த்தார், பானுவைப் பார்த்தார், கதவிலேயே சாய்ந்துகொண்டார். வசந்தாமணி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. காதோடு கைபேசியை அழுத்திக்கொண்டு, தனக்குள் அவளும் சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்திநாலு. முப்பத்தஞ்சு.

“முப்பத்தாறு. நிறுத்தியாச்சுக்கா. விளக்கு செவப்பாயிட்டு பாருங்க.”

ஆகியிருந்தது.

“இப்பச் சொல்லுங்க. சார் எப்படி இருக்காரு?”

“அவரு பேரு சென்னியப்பனுங்க,” என்று வசந்தாமணி தொடங்கினாள்.